தேவனாம்பட்டினம் கோட்டையில் ஒரு வரிப் பெண்கள்

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தையொட்டி லாரன்ஸ் ரோடு இருக்கிறது. துணிக்கடையும் பாத்திரக்கடையும் நெருக்கியடிக்கும் அந்தச் சாலையின் பெயர் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸை நினைவூட்டுகிறது. 1748 ஜனவரியில் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு வந்து கம்பெனியின் சிப்பாய்களை ஒரு படையாகத் திரட்டியவர். 'இந்திய ராணுவத்தின் தந்தை' என்று ஆங்கிலேயர் கொண்டாடிய ஆள். மஞ்சக்குப்பம் கார்டன் ஹவுஸ் பக்கம் போனால் அங்கே ராபர்ட் கிளைவின் பெயரைச் சொல்வார்கள். கடற்கரையையொட்டி வடக்கே குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர். பீரங்கிக் குண்டு வந்து விழுந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். ஆக, ஊரின் நினைவில் தளபதி இருக்கிறார், கவர்னர் இருக்கிறார், குண்டுகூட இருக்கிறது. பெண் ஒருவர்கூட இல்லை.

கோட்டையின் கதையைச் சொல்லும் புத்தகங்களிலும் இதே நிலைதான். முற்றுகை, சரணடைவு, மீட்பு, மறுபடி முற்றுகை. இந்தப் பக்கங்களில் பெண் வருகிற இடங்களை மட்டும் குறித்துக்கொண்டே போனேன். பணம் கைமாறும்போது வருகிறார். துரோகம் பிடிபடும்போது வருகிறார். காயம் கட்டவேண்டியபோது வருகிறார். வந்த வேலை முடிந்ததும் அதே வரியில் மறைந்துபோகிறார். அந்த வரிகளைச் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் பெண்கள் எல்லோரையும் 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். ஆவணங்கள் அந்த மரியாதையை எல்லோருக்கும் தரவில்லை.

கோட்டை கைமாறிய கதையிலிருந்து தொடங்கலாம். 1690. செஞ்சியில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருக்கிறார். முகலாயப் படை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவருக்குப் பணம் வேண்டும். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கருகே தேவனாம்பட்டினத்தில் ஒரு சிறு கோட்டை இருந்தது. மதராஸ் கவர்னர் எலிஹூ யேல் அதைக் கம்பெனிக்காக விலைபேசி வாங்கினார். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவு வைத்துக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும், குண்டு விழும் தூரம் வரை கம்பெனிக்கு. மதராஸிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்று அனுப்பப்பட்டது. மருந்து கெட்டித்து, எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் சுடுவது பீரங்கிக்காரனின் கைவண்ணம் என்று குறிப்பும் எழுதினார்கள். அந்தச் செப்டம்பரில் எல்லாத் திசைகளிலும் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றுவட்டக் கிராமங்களும் குண்டு எல்லைக்குள் வந்து சேர்ந்தன.

பள்ளிப் பாடத்திலோ ஊர் வரலாற்றிலோ இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள், உப்பங்கழியில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவர்கள், குடத்தோடு கிணற்றடியில் நின்றவர்கள் தலைக்கு மேலே அந்தக் குண்டுகள் போயிருக்கின்றன. காலையில் மராட்டியரின் குடிகளாக இருந்தவர்கள் மாலையில் கம்பெனியின் குடிகள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார் யேல். வேல்ஸ் நாட்டுப் புனிதரின் பெயர் என்பது ஒரு விளக்கம். மதராஸில் இறந்துபோன தன் சின்ன மகன் டேவிட்டின் நினைவாக என்பது இன்னொன்று. அந்தக் குழந்தையின் கல்லறை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. குழந்தையின் தாய் கேதரீன். ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. கணவர் இறந்த அதே 1680இல் நான்கு பிள்ளைகளோடும் முதல் கணவர் விட்டுச்சென்ற சொத்தோடும் யேலை மணந்தார். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் திருமணமான பெண்ணின் உடைமை கணவனுக்குப் போய்விடும். யேல் பெரும் பணக்காரராவதற்கு முதல் படி ஒரு விதவையின் சொத்து. 'திறமைசாலி வணிகர்' என்று எழுதும் வாழ்க்கைக் குறிப்புகள் இதை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

இந்த யேல்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். 1718இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் படமும், ஒன்பது பொதி சரக்கும் அனுப்பினார். பொதிகளில் காலிக்கோவும் மஸ்லினும் இருந்தன. அவற்றை விற்ற பணத்தில் கல்லூரி நிமிர்ந்தது. சோழமண்டலக் கரையில் துணிக்கு நூல் நூற்றவர்கள் பெண்கள். கம்பெனியின் கணக்கில் வணிகர் வருவார், தரகர் வருவார், சில சமயம் நெசவாளரும் வருவார். நூற்ற கை வராது. நூல் சந்தையில் வாங்கப்பட்டதால் அதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை.

துணி மட்டும் போகவில்லை. 1680களில் பஞ்சம். பசியில் தன்னையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களைக் கப்பலேற்றுவது மதராஸில் வணிகமாக இருந்தது. 1687இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் அடிமைகளாக ஏற்றுமதியானார்கள். ஐரோப்பா செல்லும் கப்பல்கள் அட்லாண்டிக் நடுவிலுள்ள செயின்ட் ஹெலினா தீவில் பத்து அடிமைகளையாவது இறக்கிவிட்டுப் போகவேண்டும் என்ற ஏற்பாடு யேல் அமர்ந்திருந்த சபையில்தான் செய்யப்பட்டது. 2024இல் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக முறையாக மன்னிப்புக் கேட்டது. அந்த 665 என்பது எண்ணிக்கைதான். அதில் எத்தனை தாய்மார், எத்தனை சிறுமிகள் என்று பிரித்து எழுத வேண்டிய அவசியம் ஏற்றியவர்களுக்கு இல்லை. செயின்ட் ஹெலினா இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

படைக்கு வருவோம். கோட்டை என்றால் சிப்பாய் வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவருவது செலவு. வந்தவர்கள் வெயிலிலும் பேதியிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். இருந்தவர்களில் பலர் கரையோரப் போர்ச்சுகீசியக் கலப்பினப் பெண்களை மணந்தார்கள், பிள்ளைகள் கத்தோலிக்கரானார்கள். இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1687 ஏப்ரலில் லண்டன் இயக்குநர்கள் மதராஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நம் படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பது எதிர்காலத்துக்கு முக்கியமான விஷயம், அதைக் கொஞ்சம் செலவு செய்தாவது ஊக்குவிக்கலாம், அப்படிப்பட்ட திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும் அன்று தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

ஒரு வராகன். பின்னாள் கணக்கில் மூன்றரை ரூபாய். இந்தப் பகுதியின் ஆரம்பகால ராணுவ வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் எண் இதுதான், எத்தனை பீரங்கி, எத்தனை பட்டாளம் என்ற கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான். படைக்கு ஆள் பெருக்கும் வழியாகப் பெண்ணின் கருப்பையை ஒரு கம்பெனி கணக்கில் ஏற்றியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. பிள்ளை பெற்றால் போதாது, சரியான தேவாலயத்தில் சரியான தண்ணீர் பிள்ளையின் தலையில் விழ வேண்டும். பிரசவத்தில் தாய் செத்துப்போனால் என்ன என்பதைப் பற்றிக் கடிதத்தில் பேச்சில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கம்பெனி கைக்கு வந்த தேவனாம்பட்டினம் கோட்டையும் இந்த ஆட்சியின் கீழ்தான் வந்தது.

அந்தப் பிள்ளைகளுக்கு நூறு ஆண்டு கழித்து என்ன ஆனது? அதற்குள் கம்பெனிக்கு நிலம் பெருகிவிட்டது. கலப்புப் பிள்ளைகள் இப்போது தொல்லை. 1786இல் கல்கத்தா அனாதை இல்லப் பிள்ளைகள் படிக்க இங்கிலாந்து போகத் தடை. 1791இல் உயர் பணிகளில் சேரத் தடை. 1795இல் படையில் போர்வீரராகச் சேரவும் தடை. குழல் ஊதலாம், தம்பட்டம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். மதராஸில் 1787இல் கவர்னரின் மனைவி லேடி கேம்பெல் முயற்சியில் படைவீரர்களின் பெண் பிள்ளைகளுக்கென்று ஓர் அனாதை இல்லம் தொடங்கப்பட்டது. பலருக்குத் தாய் உயிரோடு இருந்தபோதும் 'அனாதை' என்ற சொல் செல்லுபடியானது. உள்ளூர்த் தாய் இருப்பது இல்லாததற்குச் சமம். முன்பு வராகன் கொடுத்து வரவேற்கப்பட்டவரும் இதே தாய்தான்.

1746இல் மதராஸ் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. அங்கிருந்து இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவ் உள்ளூர்க்காரர் வேடமிட்டுத் தப்பி தேவனாம்பட்டினம் வந்தார். அடுத்த ஆறு ஆண்டுகள் இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைநகர் மதராஸ் அல்ல, இந்தக் கோட்டைதான். இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் புதுச்சேரியில் டூப்ளே. அவர் இந்தக் கோட்டையைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப முயன்றார், ஒவ்வொரு முறையும் தோற்றார்.

டூப்ளேயின் மனைவி ழான், புதுச்சேரியில் 1706இல் பிறந்தவர். தந்தை பிரெஞ்சு மருத்துவர், தாய்வழி போர்ச்சுகீசியக் கலப்பு. பதின்மூன்று வயதில் முதல் திருமணம். பதினொரு பிள்ளைகள். முதல் கணவர் வின்சென்ஸ் இறந்தபின் 1741இல் டூப்ளேயை மணந்தார். தமிழ் தெரிந்தவர். கணவருக்குத் தமிழ் வராது, அவருடைய அதிகாரிகளுக்கும் வராது. துபாஷிகள் வழியாகத்தான் நாடே அவர்கள் காதுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் தமிழ் அறிந்த ஒரு மனைவி என்னவாக இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவர் மீது இருக்கும் கசப்பில் பாதி இதனால் வந்தது என்று நினைக்கிறேன். பிள்ளை துபாஷி. அவருடைய பிழைப்பே மொழிக்கும் அதிகாரத்துக்கும் இடையில் நிற்பதுதான். அந்த இடத்துக்கு ஒரு பெண் போட்டியாக வந்தார். 1748 முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதற்கும் பிள்ளை அவரையே குற்றம் சொல்கிறார். ழானை நல்லவராகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. அந்தக் கோயில் இடிப்பில் அவருக்குப் பங்கில்லை என்று வாதிடவும் வரவில்லை. அதிகாரம் கையில் இருந்த பெண், அதைப் பயன்படுத்தினார்.

அந்த அதிகாரம் தேவனாம்பட்டினம் கோட்டைக்குள்ளும் நீண்டது. ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது. 1748இல் லாரன்ஸ் வந்து சேர்ந்த சமயம், தலைச்சேரியிலிருந்து வந்திருந்த சிப்பாய்களின் தலைவர் முதல் சண்டையிலேயே ஆட்களோடு பிரெஞ்சுப் பக்கம் தாவத் திட்டமிட்டிருந்தது தெரியவந்தது. துருவியபோது இன்னொரு நூல் அகப்பட்டது. மதராஸ் கவர்னரின் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவர் கோட்டைக்குள் இருந்துகொண்டே ழானுக்குக் கடிதம் எழுதிவந்திருக்கிறார். மலபார் மொழியில் என்கிறார் ஓர்ம். அன்றைய ஐரோப்பியர் தமிழுக்கு வைத்திருந்த பெயர் அது. அவரையும் ஒரு கூட்டாளியையும் தூக்கிலிட்டார்கள். சிப்பாய்த் தலைவரையும் பத்துப் பேரையும் செயின்ட் ஹெலினாவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அடிமை வாழ்வைத் தாங்கமுடியாமல் அவர்களில் பலர் சேர்ந்து தற்கொலை செய்துகொண்டார்கள்.

ழானுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. பின்னால் பாரிஸ் போனார், 1756இல் இறந்தார். 'ழான் பேகம்' என்று அவரைச் சுற்றிக் கதைகள் எழுதப்பட்டன. தமிழில் எழுதப்பட்ட கடிதத்துக்கு எழுதியவர் உயிரைக் கொடுத்தார், வாசித்தவருக்குப் புகழ். பெண் உளவுத்தலைவி என்று அவரைக் கொண்டாடும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீவில் செத்தவர்களின் வீடுகள் நினைவுக்கு வரும். தென்னிந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். மதராஸ் பட்டாளம் ஊர் மாறும்போது பெண்டு பிள்ளைகளும் சட்டிப்பானைகளோடு பின்னால் நடந்தார்கள். அந்தப் பதினொரு பேர் கப்பலேறியபோது கரையில் நின்றவர்களைப் பற்றி ஓர்ம் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இனி ஹன்னா ஸ்னெல். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இவர் கதைதான்.

இங்கிலாந்தின் வூஸ்டரில் 1723இல் பிறந்தவர். ஜேம்ஸ் சம்ஸ் என்ற டச்சு மாலுமியை மணந்தார். அவன் இவரைக் கர்ப்பிணியாக விட்டுவிட்டு ஓடினான். பிறந்த பெண் குழந்தையும் சில மாதங்களில் இறந்தது. தன் அக்கா கணவரின் உடையை உடுத்தி, ஜேம்ஸ் கிரே என்ற அவர் பெயரையே வைத்துக்கொண்டு, ஓடிப்போன கணவனைத் தேடிக் கிளம்பினார். 1747இல் கடற்படைத் துருப்பில் ஆணாகச் சேர்ந்தார். அட்மிரல் பாஸ்கவனின் படையோடு 1748இல் தேவனாம்பட்டினம் வந்து இறங்கினார். அங்கிருந்து புதுச்சேரி முற்றுகைக்கு நடை. அந்த முற்றுகை ஆங்கிலேயருக்குப் படுதோல்வி. மழை பிடித்துக்கொண்டது, பதுங்குகுழிகளில் தண்ணீர், காய்ச்சல். அக்டோபரில் பின்வாங்கினார்கள்.

1750இல் லண்டன் திரும்பி, தான் பெண் என்பதைத் தோழர்களிடம் சொன்னார். ராபர்ட் வாக்கர் என்ற பதிப்பாளர் உடனே அவர் கதையைப் புத்தகமாக்கினார். அதன்படி அவருக்கு வலது காலில் ஆறு குண்டு, இடது காலில் ஐந்து, இடுப்புக்குக் கீழே தொடைச் சந்தில் ஒன்று. கடலூர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கால் காயங்களை மருத்துவர்களிடம் காட்டினார். தொடைச் சந்துக் காயத்தைக் காட்டவில்லை. காட்டினால் எல்லாம் வெளியாகிவிடும். அந்தக் குண்டைத் தானே விரலால் தோண்டி எடுத்தார். மருந்தும் துணிச்சீலையும் கொண்டுவந்து கொடுத்து உதவியவர், அங்கே அவரைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு 'கருப்புப் பெண்'.

அவ்வளவுதான். அந்தப் பெண்ணைப் பற்றிய வரி அதோடு முடிகிறது. அன்றைய ஆங்கிலத்தில் இந்தியர் எல்லோருமே கருப்பர். மதராஸில் நம் மக்கள் வாழ்ந்த பகுதிக்குப் பெயரே கருப்பர் நகரம். ஆக, அவர் கடலூர்ப் பெண்.

பன்னிரண்டு குண்டுக் கணக்கில் பதிப்பாளரின் கை கொஞ்சம் விளையாடியிருக்கலாம். விற்பனைக்கு எழுதப்பட்ட புத்தகம். அதனாலேயே அந்தக் கடலூர்ப் பெண் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறார். கதையைச் சுவையாக்கச் சேர்க்கும் பாத்திரம் என்றால் அவருக்கு ஓர் அழகிய பெயரும் இரண்டு வசனமும் கொடுத்திருப்பார்கள். யாரும் கொடுக்கவில்லை. மருத்துவமனையில் கட்டில் இருப்பதுபோல, வாளி இருப்பதுபோல அவரும் இருக்கிறார்.

ஆனால் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். முதலில், கம்பெனியின் மருத்துவமனையில் உள்ளூர்ப் பெண்கள் வேலை செய்தார்கள். சீழும் ரத்தமும் மலமுமாகக் கிடக்கும் அந்நியரைத் தொட்டுக் கழுவும் வேலை. தொட்டால் தீட்டு என்று வகுத்துவைத்த நம் சமூகத்தில் அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து பெண்கள் வந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பிரசவம் பார்ப்பதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் இந்த மண்ணில் எந்தச் சாதிப் பெண்களின் கையில் இருந்ததோ அந்தக் கைதான் இதுவும். இரண்டாவது, மருத்துவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்துக் காயத்துக்கு மருந்தும் துணியும் கேட்டவர் ஆணில்லை என்பது அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. மாதாமாதம் துணி துவைத்துப் பழகியவருக்கு எந்தத் துணியில் என்ன ரத்தம் என்று தெரியும். மூன்றாவது, அவர் சொல்லவில்லை. மேலதிகாரிகளிடம் போய்ச் சொல்லியிருந்தால் பரிசு கிடைத்திருக்கலாம்; சொல்லாமல் மறைத்தது தெரிந்தால் அடி விழுந்திருக்கலாம். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. ஹன்னா அதன்பிறகும் மாதக்கணக்கில் ஜேம்ஸ் கிரேயாகவே கப்பலில் போனார், இங்கிலாந்து சேர்ந்தார்.

இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள்? கரையோர ஊர்களில் அன்று எல்லோருக்கும் பொதுவாகப் புழங்கியது உடைந்த போர்ச்சுகீசியம். கம்பெனியின் பாதிரியார்கள் வந்து ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்க வேண்டும் என்று 1698 சாசனமே விதித்தது. புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கிய ஹன்னாவுக்கு அதுவும் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கையும் கண்ணும்தான் பேசியிருக்கும்.

ஹன்னா லண்டனில் சீருடையோடு மேடையேறினார், பாட்டுப் பாடினார், துப்பாக்கிப் பயிற்சி செய்து காட்டினார். செல்சி ராணுவ மருத்துவமனை அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. 1792இல் இறந்தபோது அங்கேயே பழைய வீரர்களோடு அடக்கம் செய்தார்கள். இன்று 'பெண் போர்வீரர்' பட்டியல்களில் அவர் பெயர் தவறாமல் இருக்கும். இருக்கட்டும். கணவன் கைவிட்ட ஒரு ஏழைப் பெண் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தமிழில் நாமும் அவரைப் பெண்ணிய நாயகியாக அப்படியே மொழிபெயர்த்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் எந்தப் பக்கத்துப் படையில், யார் நிலத்தில் நின்று சுட்டார் என்ற கேள்வி இருக்கிறது. அவருடைய ரகசியத்தைக் காத்தவருக்கு ஓய்வூதியம் யார் கொடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. லாரன்ஸ், கிளைவ் ஆகியோரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹன்னாவையும் ழானையும் வைத்தால் பெண் வரலாறு ஆகிவிடும் என்றால், கடலூர்க்காரருக்கு அதில் இரண்டாம் முறையும் இடமில்லை.

பெயரோடு வந்தவர்கள் எல்லோரும் விருப்பத்தோடு வந்தவர்களும் இல்லை. 1752இல் இருபத்தொன்றோ இருபத்திரண்டோ வயதில் பிலடெல்ஃபியா ஆஸ்டின் என்ற பெண் கப்பலேறி மதராஸ் வந்தார். தாய் தந்தை இல்லை, சீதனமில்லை. அப்படிப்பட்ட பெண்களைக் கம்பெனி அதிகாரிகளுக்கு மணமுடிக்க இந்தியாவுக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். 1753 பிப்ரவரி 22இல் கடலூரில் டைசோ ஹான்காக் என்ற கம்பெனி மருத்துவருக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் அத்தை இவர். மருமகள் பதின்வயதில் எழுதி முடிக்காமல் விட்ட ஒரு கதையில், மணமுடிக்க வங்காளத்துக்கு அனுப்பப்படும் பெண் ஒருவர் வருகிறார். அந்த ஏற்பாட்டின் மீது கதையில் கோபம் தெரிகிறது. அத்தையின் கல்யாண ஊர் கடலூர் என்பதை நம் ஊர் வரலாறுகள் இனியாவது சேர்த்துக்கொள்ளலாம்.

கோட்டை அதன்பின் நெடுநாள் நிற்கவில்லை. 1756இல் கிளைவ் அதற்குக் கவர்னராக வந்தார், வந்த வேகத்தில் வங்காளம் போனார். 1758 ஜூன் 2இல் லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1760இல் ஆங்கிலேயர் கடலூரை மீட்டார்கள். 1782இல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் பிடித்தார்கள். 1783 ஜூனில் பெரும் முற்றுகை, ஆயிரக்கணக்கில் சாவு. ஐரோப்பாவில் ஏற்கெனவே சமாதானமாகிவிட்ட செய்தி தாமதமாக வந்துசேர, சண்டையை நிறுத்தினார்கள். இந்த வரிசையை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம்.

ஒரே வரியில் பெண்ணைக் கடந்துபோகும் பழக்கத்தைக் கம்பெனி தொடங்கி வைக்கவில்லை. கடலூரிலிருந்து தெற்கே நாற்பத்தைந்து கிலோமீட்டர் போனால் சிதம்பரம். உயரமான மதில்களும் நான்கு கோபுரங்களும் உள்ள அந்தக் கோயில் பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டையாகவே பயன்பட்டது. 1753இல் பிரெஞ்சுப் படை உள்ளே புகுந்தது. 1760இல் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தது. ஹைதர் அலி அதைப் பலப்படுத்திக் காவல் வைத்தார். 1781 ஜூன் 18இல் ஜெனரல் கூட் தாக்கித் தோற்றுத் திரும்பி, இரு வாரம் கழித்துப் பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முந்தைய ஒரு காட்சி.

1597. நிக்கோலாஸ் பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் சிதம்பரம் வழியாகப் போகிறார். செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் அங்கே முகாமிட்டிருக்கிறார். நடராசர் கோயிலுக்குள் கோவிந்தராசர் சன்னதியைப் புதுப்பித்துக் கட்ட நாயக்கர் உத்தரவு. கோயில் அர்ச்சகர்கள் எதிர்க்கிறார்கள். கட்டினால் கோபுரத்திலிருந்து குதித்துச் சாவோம் என்று ஏறி நிற்கிறார்கள். நாயக்கர் அசையவில்லை. இருபது பேர் குதித்துச் செத்தார்கள். நாயக்கர் சுடச் சொன்னார், இருவர் குண்டுபட்டு விழுந்தார்கள். மற்றவர்கள் கலைந்தார்கள். இதே செஞ்சி நாயக்கர்களிடம்தான் பத்தாண்டு கழித்து டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி வாங்கினார்கள்.

பாதிரியார் இதையெல்லாம் கடிதமாக எழுதினார். கோபுரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது, காரணம் இருக்கிறது, உரிமைக் கோரிக்கை இருக்கிறது. சைவமா வைணவமா என்று இன்றுவரை நீதிமன்றம் போகிற வழக்கின் தொடக்கப் பக்கங்களில் அந்த இருபது பேரும் வருகிறார்கள். அந்தக் கடிதத்திலேயே இன்னொரு சாவும் இருக்கிறது. ஒரு பெண் அந்த ஆவேசத்தில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார். எந்தக் கருவறைக்குள்ளும் கால் வைக்க உரிமையில்லாத ஒருவர், எந்தச் சன்னதி இருக்கவேண்டும் என்ற சண்டையில் செத்திருக்கிறார். அர்ச்சகர் வீட்டுப் பெண்ணா, கோயிலில் ஆடியவரா, தேர்வீதியில் பூக்கட்டி விற்றவரா, எதையும் பிமெண்டா கேட்டு எழுதவில்லை. அடுத்த வரியில் நாயக்கரோடு செஞ்சிக்குக் கிளம்பிவிடுகிறார்.